"கெட்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாள்வது எப்படி?

தமிழில் "போடு" என்ற வினையை எடுத்துக்கொள்வோம். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். தமிழ் கற்க முனையும் வேற்றுமொழிக்காரர் ஒருவர் அகராதியைத் திறந்து இந்தச் சொல்லின் பொருளைத் தேடினால், எறிதல், வைத்தல், அணிதல் என்று நீண்டுகொண்டே போகும் பட்டியலைக் கண்டு திகைத்துவிடுவார். நமக்கோ அந்தத் திகைப்பு ஒருநாளும் ஏற்பட்டதில்லை. "சண்டை" என்பது காதில் விழுந்தவுடனேயே அதை அடுத்து வரும் "போடு" என்ன வேலை செய்யப்போகிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "கெட்" என்ற சொல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தமிழில் துணைச்சொல் வினைக்கு முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் அது பின்னால் வருகிறது, வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே "கெட்" என்பதைக் கண்டதும் அங்கேயே நின்று பொருள் தேடாமல், அடுத்த சொல்லுக்குக் கண்ணை நகர்த்தப் பழக வேண்டும். அடுத்து வருவது பெயர்ச்சொல்லா, பெயரடையா, ஓர் இடமா, வினையின் முடிவெச்ச வடிவமா ("ரிப்பேர்ட்", "அரெஸ்டட்" போன்ற "பாஸ்ட் பார்ட்டிசிபிள்"), "அப்", "ஓவர்" போன்ற சிறு சொல்லா என்பதை வைத்தே பொருள் தீர்மானமாகிறது. அகராதியில் இச்சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள்களை ஒன்று, இரண்டு என்று மனப்பாடம் செய்வதை விட இந்த ஒரு வழி எவ்வளவோ பயன் தரும்.

இச்சொல்லின் பிறப்பைச் சிறிது தெரிந்துகொள்வது வீண்போகாது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தைத் தாக்கி, பின்னர் அங்கேயே குடியமர்ந்த ஸ்காண்டிநேவிய மக்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் இதனைக் கடன் பெற்றது. "டேக்", "தே", "ஸ்கை", "விண்டோ" ஆகியவையும் அதே வழியில் வந்தவையே. அம்மொழியில் அதற்கு அடைதல், பெறுதல் என்பன பொருள். அதற்கும் முன்னே சென்றால், லத்தீனில் பிடித்தலைக் குறிக்கும் ஒரு வினையும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் காட்டுகின்றனர். புரிந்துகொள்வதைக் குறிக்கும் "காம்ப்ரிஹெண்ட்" என்ற சொல் அந்த லத்தீன் கிளையில் வந்தது. தமிழிலும் ஒன்று புரியாதபோது "பிடிபடவில்லை" என்கிறோம் அல்லவா? "ஐ டோன்ட் கெட் இட்" என்று ஆங்கிலேயர் சொல்லும்போதும் அடியில் இருப்பது கைக்குள் அகப்படாமல் நழுவும் அதே பொருள்தான்.

வடிவங்களைப் பொறுத்தவரை, நிகழ்காலத்தில் "கெட்", இறந்தகாலத்தில் "காட்". முடிவெச்சத்தில் பிரிட்டன் வழக்கு "காட்" என்றும், அமெரிக்க வழக்கு "காட்டன்" என்றும் பிரிகின்றன. "காட்டன்" என்பது அமெரிக்கர் புதிதாக உண்டாக்கிய வடிவம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது இங்கிலாந்திலேயே முன்பு வழங்கிய பழைய வடிவம். அங்கே வழக்கொழிந்து, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. "ஃபர்காட்டன்" என்ற சொல்லில் பிரிட்டனிலும் அது இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது.

கிடைத்ததும் வாங்கியதும்

"கெட்" என்பதற்குப் பின் ஒரு பெயர்ச்சொல் வந்தால், பெரும்பாலும் பெறுதல் என்றே பொருள். இது எளிதாகத் தோன்றினாலும், தமிழர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுவே. "எனக்கு வேலை கிடைத்தது" என்ற தொடரில் எழுவாய் எது? வேலை. "எனக்கு" என்பது நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறது. வேலை தானாக வந்து சேர்ந்தது போல அமைகிறது தொடர். ஆங்கிலத்தில் "ஐ காட் எ ஜாப்" என்னும்போது "ஐ" எழுவாயாக முன்னால் வந்துவிடுகிறது, வேலை செயப்படுபொருளாகப் பின்னுக்குப் போகிறது. தமிழ் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் "மை லெட்டர் காட் யெஸ்டர்டே" என்று எழுதிவிடுவது இதனால்தான். கடிதம் எதையோ பெற்றதாக அது பொருள் தந்து, எதைப் பெற்றது என்பதைச் சொல்லாமலே நின்றுவிடுகிறது. "ஐ காட் த லெட்டர் யெஸ்டர்டே" என்பதே சரி. உங்கள் தமிழ்த் தொடரில் "எனக்கு", "அவனுக்கு", "அவர்களுக்கு" என்று வருகிறதா, வினை "கிடை" அல்லது "வா" என்று முடிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் "கு" உருபு ஏற்றவரை எழுவாயாக்கி முன்னால் நிறுத்துங்கள். சளி பிடிப்பதற்கும் இதே கணக்குத்தான். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது; ஆங்கிலத்தில் நாம் அதைப் பெற்றுக்கொள்கிறோம், "ஐ காட் எ கோல்ட்".

முயற்சி இல்லாமல் வந்தது, முயன்று அடைந்தது, காசு கொடுத்து வாங்கியது, போய் எடுத்து வந்தது ஆகிய நான்கையும் ஆங்கிலம் இந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடுகிறது. "ஐ காட் எ கிஃப்ட்" என்றால் பரிசு கிடைத்தது. "ஐ காட் எ நியூ பைக்" என்றால் பெரும்பாலும் வண்டி வாங்கினேன் என்று பொருள். "கெட் மீ எ சேர்" என்றால் எனக்கொரு நாற்காலி கொண்டுவா என்று பொருள். இங்கே "மீ" என்பது இடையில் வருவதையும், அதன் முன் "டு" சேர்க்கக் கூடாது என்பதையும் கவனிக்கவும். தமிழில் இதற்கு மிக அருகில் வருவது "வாங்கு" என்ற சொல். நாமும் புத்தகம் வாங்குகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம், நல்ல பெயர் வாங்குகிறோம், அடியும் திட்டும்கூட வாங்குகிறோம். அடி வாங்கியவன் கடைக்குப் போய் வாங்கவில்லை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் தொடக்கத்தில் "கெட்" வரும் இடத்தில் "வாங்கு" என்பதை வைத்துப் பார்ப்பது ஒரு நல்ல தந்திரம்; எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் சொல்லின் போக்கைப் பிடித்துக்கொடுக்கும்.

புரிதலைக் குறிக்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. "நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை" என்ற பொருளில் "ஐ ஆம் நாட் கெட்டிங் யூ" என்று நம்மவர் பலர் சொல்கின்றனர். இந்தியருக்குள் பேசிக்கொள்ளும்போது இது இடறுவதில்லை. வெளியே பேசும்போது "ஐ டோன்ட் கெட் யூ" என்றோ, இன்னும் பணிவாக "ஐ டிடின்ட் கெட் தட்" என்றோ சொல்வதே பொருத்தம், ஏனெனில் புரிதலை ஆங்கிலம் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலாகப் பொதுவாகக் கருதுவதில்லை.

இருத்தலும் ஆதலும்

அடுத்து வருவது பெயரடையானால், "கெட்" என்பது ஆதலைக் குறிக்கும். "டயர்ட்", "ஆங்ரி", "வெட்", "ரெடி", "லேட்" ஆகியவை இவ்வாறு வரும். தமிழில் ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் தனித்தனி வினை இருக்கிறது: சோர்கிறோம், கோபப்படுகிறோம், நனைகிறோம், தயாராகிறோம், இருட்டுகிறது, நேரமாகிறது. ஆங்கிலத்தில் ஒரே வினையை வைத்துக்கொண்டு பெயரடையை மட்டும் மாற்றினால் போதும். "இட்ஸ் கெட்டிங் டார்க்" என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது, "இட்ஸ் கெட்டிங் லேட்" என்றால் நேரமாகிக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிடச் சிக்கனமான மொழி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே கற்க வேண்டியது "பி" ("இஸ்", "வாஸ்", "பீன்" என்றெல்லாம் வடிவம் மாறுவது) வினைக்கும் "கெட்" வினைக்கும் உள்ள வேறுபாடு. "ஐ வாஸ் ஆங்ரி" என்றால் கோபமாக இருந்தேன். எப்போது கோபம் வந்தது என்பது அதில் இல்லை. "ஐ காட் ஆங்ரி" என்றால் கோபம் வந்துவிட்டது. அதற்கு முன் கோபமில்லை, ஏதோ நடந்தது, நிலை மாறியது. "ஷி இஸ் மேரிட்" என்பது திருமணமானவர் என்ற நிலையையும், "ஷி காட் மேரிட் இன் மே" என்பது மே மாதத்தில் நடந்த நிகழ்வையும் சொல்கின்றன. நாளையோ மாதத்தையோ சுட்டி ஒரு நிகழ்வைச் சொல்லும்போது "கெட்" வேண்டும். எவ்வளவு காலமாக என்று சொல்லும்போது "பி" வேண்டும். "தே ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்" என்ற தொடரில் "பீன்" என்பதற்குப் பதிலாக "காட்" போட்டால், பத்தாண்டுகளாகத் திருமணச் சடங்கு நடந்துகொண்டிருப்பது போன்ற வேடிக்கையான பொருள் தோன்றும். மேலும், யாரை மணந்தார் என்று சொல்லும்போது "மேரிட்" என்பதற்குப் பின் "டு" வர வேண்டும். "அவரோடு", "அவருடன்" என்ற தமிழ் உருபுகளின் நினைவில் "வித்" போட்டுவிடுவது மிகப் பரவலான பிழை.

ஆதல் என்ற பொருள் தெரிந்தவுடன் எல்லா இடத்திலும் இதைப் பயன்படுத்தலாம் என்று துணிந்துவிடக் கூடாது. பின்னால் பெயரடை வந்தால்தான் இப்பொருள். பெயர்ச்சொல் வந்தால் மீண்டும் பெறுதல் என்ற பொருளுக்கே போய்விடும். "அவன் மருத்துவர் ஆனான்" என்பதற்கு "ஹி பிகேம் எ டாக்டர்" என்றே சொல்ல வேண்டும். "ஹி காட் எ டாக்டர்" என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லாததால் அவன் ஒரு மருத்துவரைத் தேடி அழைத்து வந்தான் என்று பொருளாகும். பின்வரும் சொல்லின் வகை மாறினால் பொருள் முழுவதும் மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பொருள்கள் கெட்டுப்போதல், பார்வை போதல் போன்ற சில மாற்றங்களுக்கு "கோ" என்ற வினையும், நிறம் மாறுவதற்கு "டர்ன்" என்ற வினையும் வருவதுண்டு. அவற்றைத் தொடர்களோடு சேர்த்தே படித்துவைத்துக்கொள்வது நல்லது. இதற்கென்று இறுக்கமான விதி கிடையாது.

போய்ச் சேர்தல்

இடப்பெயர் வந்தால் சென்றடைதல் என்று பொருள். "கோ" என்பது புறப்பட்டுப் போவதைச் சொல்கிறது, "கெட்" என்பது போய்ச் சேர்வதைச் சொல்கிறது. "ஹவ் டிட் யூ கெட் ஹியர்?" என்று ஒருவர் கேட்டால், எந்த வழியாக அல்லது எந்த வண்டியில் வந்து சேர்ந்தீர்கள் என்பதே கேள்வி. இடத்துக்கு முன் "டு" சேர்க்க வேண்டும், "கெட் டு த ஸ்டேஷன்" என்பது போல. "ஹோம்", "ஹியர்", "தேர்" போன்ற சொற்களுக்கு முன் "டு" வராது. இதே பொருளில் வரும் "ரீச்" என்பதற்குப் பின் எந்த முன்னிடைச்சொல்லும் கிடையாது. "அரைவ்" என்பதற்கு "அட்" அல்லது "இன்" வேண்டும். இம்மூன்றையும் குழப்பி "ரீச்ட் டு த ஸ்டேஷன்" என்று எழுதுவோர் பலர்.

வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் இதனோடு சேர்ந்த விஷயம். பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றில் ஏறுவது "கெட் ஆன்", இறங்குவது "கெட் ஆஃப்". காரில் ஏறுவது "கெட் இன்", இறங்குவது "கெட் அவுட்". உள்ளே எழுந்து நின்று நடக்க இயலும் வண்டிகளுக்கு முதல் இணை, உட்காரத்தான் முடியும் என்ற அளவில் இருக்கும் வண்டிகளுக்கு இரண்டாவது இணை என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது. மிதிவண்டி, குதிரை போன்று மேலே ஏறி அமர்பவற்றுக்கும் முதல் இணையே. பேருந்திலிருந்து இறங்குவதற்கு நாம் சொல்லும் "கெட் டவுன்" இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட வழக்கு. "இறங்கு" என்ற சொல்லின் நிழல் அதில் தெளிவாகத் தெரிகிறது. பிறநாட்டார் அதை ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே இறங்குவதற்கே பயன்படுத்துவர்.

முடி வெட்டிய கதை

இனி வருவதே இச்சொல்லின் மிகக் கடினமான, அதே சமயம் மிகப் பயனுள்ள பயன்பாடு. ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், என் ஆசிரியரிடம் "ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே" என்று சொன்னேன். அவர் என் தலையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பின்பக்கமும் நீயே வெட்டிக்கொண்டாயா என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று எண்ணி ஆம் என்று தலையாட்டிவிட்டேன். தமிழில் "நேற்று முடி வெட்டினேன்" என்று சொன்னால், கத்தரிக்கோலைப் பிடித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்பவர்தான் வெட்டியவர். வேறொருவர் வெட்ட, நாம் வெட்டிக்கொண்டோம் என்று சொல்ல "ஐ காட் மை ஹேர் கட்" என்ற அமைப்பு வேண்டும்.

இந்த அமைப்பில் சொற்களின் வரிசையே உயிர்: முதலில் "காட்", அடுத்து எதற்குச் செய்யப்பட்டதோ அந்தப் பொருள், கடைசியில் வினையின் முடிவெச்சம். "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்" என்றால் என் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன். "ரிப்பேர்ட்" என்பதை முன்னால் இழுத்து "ஐ காட் ரிப்பேர்ட் மை ஃபோன்" என்று சொன்னால் தொடர் உடைந்துவிடும். தமிழில் வினை இறுதியில் வருவது இங்கே நமக்கு உதவியாகவே இருக்கிறது. "என் கைப்பேசியைப் பழுதுபார்த்து" என்ற வரிசையையே இதுவும் பின்பற்றுகிறது. முடிவெச்சத்துக்குப் பதிலாகப் பெயரடையும் வரலாம். "ஹி காட் ஹிஸ் ஷூஸ் வெட்" என்றால் காலணியை நனைத்துக்கொண்டான் என்று பொருள். நம் "கொள்" என்ற துணைவினை வரும் இடங்களில் ஆங்கிலத்தில் "கெட்" வந்து நிற்பதை இவ்வாறு பல தொடர்களில் காணலாம்.

செய்தவரைக் குறிப்பிட வேண்டுமானால் அமைப்பு சற்று மாறும். "ஐ காட் ஹிம் டு சைன்" என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். தமிழில் "வைத்தேன்" என்ற ஒரே சொல் எல்லாவிதமான செய்வித்தலுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்திலோ மூன்று வினைகள் அந்த இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கெஞ்சியோ எடுத்துச் சொல்லியோ இணங்க வைத்திருந்தால் "காட் ஹிம் டு சைன்". கையெழுத்துப் போடுவது அவர் வேலை, நான் சொன்னேன், அவர் போட்டார் என்றால் "ஹேட் ஹிம் சைன்". வேறு வழியில்லாமல் போட வைத்திருந்தால் "மேட் ஹிம் சைன்". இம்மூன்றில் முதலாவதில் மட்டுமே "டு" வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? இணங்க வைப்பதற்குச் சிறிது கூடுதல் நேரம் பிடிக்கும், ஆகவே ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது என்று நான் வேடிக்கையாக நினைவில் வைத்துக்கொண்டேன். இலக்கணக் காரணம் அதுவன்று. ஆனால் அதன்பின் இதில் நான் தவறியதில்லை.

பட்டதும் மாட்டிக்கொண்டதும்

"கெட்" என்பதற்கு உடனே பின்னால் முடிவெச்சம் வந்தால், அது செயப்பாட்டுவினை போல நடந்துகொள்ளும். "ஹி காட் அரெஸ்டட்", "தே காட் பெய்ட்", "ஷி காட் ப்ரமோட்டட்" ஆகியவை இவ்வகை. "வாஸ் அரெஸ்டட்" என்பதற்கும் இதற்கும் செய்தியில் வேறுபாடில்லை, தொனியில் உண்டு. "வாஸ்" என்பது விலகி நின்று அறிவிக்கிறது, நம் "கைது செய்யப்பட்டார்" போல. "காட்" என்பது பாதிக்கப்பட்டவரின் பக்கம் சாய்கிறது. எதிர்பாராமல் நேர்ந்தது, அல்லது அவரே தேடிக்கொண்டது என்ற குறிப்பு அதில் கலந்திருக்கும். "மாட்டிக்கொண்டான்" என்று நாம் சொல்லும்போது தொனிக்கிறதே, ஏறக்குறைய அதுதான். அறிதல், நம்புதல் போன்ற மனம் சார்ந்த வினைகளோடு இவ்வடிவம் ஒட்டாது. அறிக்கைகளிலும் விண்ணப்பங்களிலும் "வாஸ்" வடிவத்தையே எழுதுங்கள்.

"ஹேவ் காட்" என்ற இணை தனிக் குடும்பம். பெறுதல் அதில் மறைந்து, வெறுமனே உடைமை மட்டும் எஞ்சி நிற்கிறது. "ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்" என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். இதே பொருளை "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்றும் சொல்லலாம். அமெரிக்கரும் உடைமைக்கு "காட்" என்றே சொல்வர். புதிதாகப் பெற்றதற்கோ ஆனதற்கோ மட்டும் "காட்டன்" என்பர். இறந்தகால உடைமைக்கு "ஹேட்" மட்டும் போதும். பின்னால் "டு" சேர்ந்து "ஹேவ் காட் டு" என்றானால் கட்டாயம் என்ற பொருள் வரும். பேச்சில் அது "காட்ட" என்று சுருங்கி ஒலிக்கும். அந்தச் சுருக்கத்தைக் காதால் அறிந்துகொள்வது போதும், எழுத்தில் வேண்டாம். "கெட் டு" என்பதற்குப் பின் ஒரு வினை வந்தால், அது கட்டாயத்துக்கு நேர்மாறாக வாய்ப்பைக் குறிக்கும்: "ஐ காட் டு மீட் ஹெர்" என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது.

சிறு சொற்களோடு சேரும்போது

"அப்", "ஓவர்", "பை", "அவே", "பேக்" போன்றவற்றோடு சேர்ந்து உருவாகும் தொடர்கள் ஏராளம். அவற்றை அகர வரிசையில் படிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. சிறு சொல் சுட்டும் திசையை முதலில் மனக்கண்ணில் காண வேண்டும். "ஓவர்" என்பதில் ஒரு தடையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் படம் இருக்கிறது. எனவே "கெட் ஓவர்" என்றால் நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீண்டெழுதல். "த்ரூ" என்பதில் குறுகிய வழியில் நுழைந்து வெளியே வரும் படம். எனவே "கெட் த்ரூ" என்றால் கடினமான காலத்தைக் கடத்துதல், தொலைபேசியில் தொடர்பு கிடைத்தல். "பை" என்பதில் பக்கவாட்டில் ஒதுங்கிச் செல்லும் படம். "கெட் பை" என்றால் இருப்பதை வைத்துச் சமாளித்தல். "அவே" என்பது விலகல். "கெட் அவே வித்" என்றால் தவறு செய்துவிட்டுத் தண்டனையின்றித் தப்புதல். "பேக்" என்பது திரும்பல். அலுவல் மடல்களில் வரும் "ஐ வில் கெட் பேக் டு யூ" என்பதற்கு விசாரித்து மறுபடி பதில் சொல்கிறேன் என்று பொருள், நேரில் திரும்பி வருகிறேன் என்றன்று.

இவற்றில் "இட்" எங்கே நிற்க வேண்டும் என்பது ஒரு தொல்லை. "கெட் ஓவர் இட்" என்றால் அதிலிருந்து மீண்டு வா என்று பொருள். "கெட் இட் ஓவர் வித்" என்றால் பிடிக்காத ஒரு வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைத்தல். இரண்டிலும் "கெட்", "இட்", "ஓவர்" ஆகிய மூன்றும் உள்ளன. அவற்றின் வரிசை மாறி, இரண்டாவதன் இறுதியில் "வித்" சேர்ந்திருக்கிறது. ஆதலால் இத்தகைய தொடரைக் குறித்துவைக்கும்போது "இட்" என்பதையும் அதன் இடத்திலேயே வைத்து முழுத்தொடராக எழுதிக்கொள்ள வேண்டும். "கெட் அப்" என்பதும் "வேக் அப்" என்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கண் விழிப்பது இரண்டாவது, படுக்கையை விட்டு எழுவது முதலாவது. விடுமுறை நாளில் இரண்டுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

ஒலியும் இடமும்

உச்சரிப்பில் இரண்டு செய்திகள் போதும். முதல் எழுத்தை "தங்கம்" என்ற சொல்லில் மெல்லினத்துக்குப் பின் வரும் ககரம் போல ஒலிக்க வேண்டும், "கண்" என்பதில் வரும் ககரம் போலன்று. உயிர் குறில், நீட்டினால் வாயிற்கதவைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும். கடைசியில் உகரம் சேர்த்து "கெட்டு" என்று முடிப்பது தமிழ் நாவின் இயல்பு. ஆனால் "கெட்டு" என்றால் நமக்கே வேறு பொருள் இருப்பதால் அதை நினைத்தாவது உகரத்தைத் தவிர்க்கலாம். அமெரிக்கர் "கெட் இட்" என்பதைச் சேர்த்துச் சொல்லும்போது "கெடிட்" என்று கேட்கும். "பட்டம்" என்பதில் வல்லொலியாக இருக்கும் டகரம் "படம்" என்பதில் மெலிகிறதே, அதைப் போன்ற நெகிழ்வுதான் அங்கும் நிகழ்கிறது.

எங்கே தவிர்ப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதுவதற்கும் "கெட்" மிகப் பொருத்தம். அங்கெல்லாம் "ரிசீவ்", "அப்டெய்ன்" என்று எழுதினால் தான் ஆங்கிலம் படித்ததைக் காட்டிக்கொள்வது போல இருக்கும். தேர்வுக் கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் நிலைமை தலைகீழ். அங்கே பெறுதலுக்கு "ரிசீவ்", முயன்று பெறுதலுக்கு "அப்டெய்ன்", ஆதலுக்கு "பிகம்", சேர்தலுக்கு "அரைவ்", புரிதலுக்கு "அண்டர்ஸ்டாண்ட்" என்று மாற்றி எழுதலாம். இந்த மாற்றத்தையே பயிற்சியாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: நாள்தோறும் ஏதேனும் ஒரு பக்கத்தைப் படித்து, அதில் "கெட்" வரும் இடங்களுக்குக் கீழே கோடிட்டு, அதற்கு அடுத்த சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, பிறகு எந்த வினையை அங்கே வைக்கலாம் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். வட்டமிட்ட சொல்லைப் பார்த்தவுடன் மாற்றுச்சொல் தோன்றத் தொடங்கினால் பழக்கம் கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு தொடரை மாதிரிக்குப் பார்ப்போம். "ஐ காட் அப் லேட், காட் வெட் இன் த ரெயின், காட் டு த ஆஃபிஸ் அட் டென் அண்ட் காட் எ வார்னிங்." நான்கு "காட்". முதலாவதற்குப் பின் "அப்", எனவே எழுந்தேன். இரண்டாவதற்குப் பின் பெயரடை, எனவே நனைந்தேன். மூன்றாவதற்குப் பின் "டு" சேர்ந்த ஓர் இடம், எனவே போய்ச் சேர்ந்தேன். நான்காவதற்குப் பின் பெயர்ச்சொல், எனவே எச்சரிக்கை வாங்கினேன். இப்போது இதை எதிர்த்திசையில் செய்து பாருங்கள்: "கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன், கடைக்காரரை இணங்க வைத்து விலையைக் குறைத்தேன், வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது." மூன்று பகுதிகளிலும் "காட்" வர வேண்டும், கடைசிப் பகுதியில் இருமுறை வரும். விடை இதோ: "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட், ஐ காட் த ஷாப்கீப்பர் டு லோயர் த பிரைஸ், இட் காட் டார்க் பிஃபோர் ஐ காட் ஹோம்." விலை குறைத்த பகுதியில் "டு" இல்லாமல் எழுதியிருந்தீர்களானால், முடி வெட்டிய கதைக்குப் பின் வரும் கையெழுத்துப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.